ரபீக் வீட்டு மூக்கன்

ரபீக்கின் மீன் எதைக் கொடுத்தாலும் தின்றது. இசக்கிமணியின் மீன் எதையும் தொடவில்லை. இரண்டும் கொச்சியில் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே சாதி. வெள்ளை உடம்பில் செம்புநிறப் பட்டைகள், வாலுக்கு மேலே கண்போல ஒரு கரும்புள்ளி, ஊசியாக நீண்ட மூக்கு. பட்டாம்பூச்சி மீன் என்று கடைக்காரர் சொன்னார். இவர்களுக்கு அது மூக்கன்.

இசக்கிமணிக்கு இந்த மீன் பைத்தியம் பிடிக்க வைத்ததே ரபீக்தான். மஸ்கட்டில் பல வருஷம் இருந்துவிட்டுத் தென்காசிக்கு வந்து துணிக்கடை போட்ட முகம்மது ரபீக், வீட்டு முன்னறையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்த்தான். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று இலஞ்சிக்கு வந்திருந்த இசக்கிமணி ஒருநாள் அதைப் பார்த்தான். அடுத்த மாதமே தன் வீட்டில் அதைவிடப் பெரிய தொட்டியை இறக்கினான். விளக்கும் அதைவிட நல்ல விளக்கு. பாசி துளிர்த்தால் பாறையை வெளியே எடுத்து பிரஷால் தேய்த்துக் கழுவினான். பார்க்கிறவர்கள் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்கள்.

ஆனால் அவன் வாங்கிய முதல் மூக்கன் பட்டினி கிடந்தே செத்தது. இரண்டாவதும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. இறாலை நறுக்கிப் போட்டான், புழு போட்டான். புனலூர் போய்க் கல்லுமேக்காய்ச் சிப்பி வாங்கிவந்து, ஓட்டைப் பிளந்து அப்படியே உள்ளே வைத்தான். மூக்கன் கிட்டே வந்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தொட்டியில் இருந்த மஞ்சள் மீன் பாய்ந்து வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

ரபீக் வீட்டுக்குப் போனால் நிலைமை வேறு. அவன் சிப்பியைப் பிளந்து விரலிடுக்கில் பிடித்துத் தண்ணீரில் நீட்டுவான். மூக்கன் நேரே வந்து பிய்த்துத் தின்னும்.

"நீங்க நீட்டிப் பாருங்க அண்ணாச்சி."

இசக்கிமணி நீட்டினான். அவன் கையிலும் வந்து தின்றது. விரல்நுனியில் அந்த மூக்கு கொத்தியபோது அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது. தன்னுடையதைவிடச் சின்னத் தொட்டி. பாறைகளின் பின்னால் களைபோல முளைத்து, குட்டிப் பூக்கள்போல விரியும் கடலுயிரான பழுப்பு அனிமோன்களைக்கூடச் சுத்தம் செய்யாத சோம்பேறி. அவனிடம் போய்த் தின்கிறது.

ரபீக்கும் அவன் மனைவி ஹுஸ்னாவும் உம்ரா செய்ய மக்காவுக்குக் கிளம்பினார்கள். வீட்டுச் சாவியை ரபீக் இசக்கிமணியிடம் கொடுத்தான்.

"உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா அண்ணாச்சி. மூக்கனுக்கு ரெண்டு வேளையும் போட்டுருங்க."

முதல் சில நாட்கள் இசக்கிமணி ஒழுங்காகப் போய்த் தீனி போட்டான். அவன் நிழல் விழுந்ததும் மூக்கன் கண்ணாடிக்கு வந்து நின்றது. அங்கே அதற்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், முதுகு மெலிந்துபோன தன் மீன் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் மாற்றி வைத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றிய அன்றே அது முடிவாகிவிட்டது. தன் மீன் எப்படியும் சாகப் போகிறது. அது ரபீக் தொட்டியில் சாகட்டும். உன்னைக் காணாமல் ஏங்கித் தின்னாமல் செத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ரபீக்கின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அந்த நினைப்பு இனித்தது.

மறுநாள் காலையில் மூடிபோட்ட வாளியில் தன் மீனைக் காரில் கொண்டுபோனான். சிப்பியை நீட்டியதும் வந்த ரபீக்கின் மூக்கனை ஒரு ஜாடியால் மொண்டு எடுப்பது சுலபமாக இருந்தது. அது அவனை நம்பி வந்தது.

ஆனால் இலஞ்சித் தொட்டியில் விட்டதும் மஞ்சள் மீன் அதைத் துரத்தியது. மூக்கன் பம்புக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. இசக்கிமணி கையை நீட்டியபடி மணிக்கணக்காக நின்றான். அது வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மஞ்சள் மீனைப் பிடித்து வேறு தொட்டியில் அடைத்துப் பார்த்தான். அப்போதும் அது வெளியே தலைநீட்டவில்லை. துடைத்து வைத்த பாறைகளில் அது கொத்தித் தின்ன ஒன்றுமே இல்லை.

தென்காசிக்குப் போய்ப் பார்த்தபோது வேறொரு இடி காத்திருந்தது. சாகக் கிடந்த அவனுடைய மீன், ரபீக் தொட்டியின் பாறை இடுக்குகளில் மூக்கை விட்டு அந்தப் பழுப்பு அனிமோன்களைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. சிப்பியை நீட்டினான். சற்றுத் தயங்கிவிட்டு அதையும் தின்றது. மாதக்கணக்காகக் கெஞ்சியும் அவன் வீட்டில் தின்னாத மீன்.

இசக்கிமணிக்குச் சந்தோஷம் வரவில்லை. எந்த மீனாக இருந்தாலும் ரபீக் வீட்டில்தான் தின்னுமா என்று ஆத்திரம் வந்தது.

அவன் மனைவி அனுசியா பம்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, இரண்டு நாளிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"இது நம்ம மீனு இல்லியே. நம்முது காஞ்ச கருவாடு மாதிரில்லா இருந்துது."

அவன் இன்னொரு சிப்பியைப் பிளந்தான்.

"ஏங்க, அவரு நம்பித்தான சாவியக் குடுத்துட்டுப் போயிருக்காரு. கொண்டுபோய் விட்டுட்டு வந்துருங்க."

"வாய மூடிட்டுப் போடி. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

கொண்டுபோய் விட வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். விட்டால், தன்னால் முடியாது என்று ஒப்புக்கொண்டது போலாகும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். அதற்குள் ரபீக் ஊருக்கு வந்துவிட்டான்.

சாவியைக் கொடுக்கப் போன இசக்கிமணிக்கு ஹுஸ்னா பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். ரபீக் பையைக்கூடப் பிரிக்காமல் தொட்டிமுன் குனிந்து நின்றான். மீனின் வால்பக்கத்தை உற்றுப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது உங்க மீனுல்லா."

"என்ன தம்பி சொல்லுத? மெலிஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான்."

"என் மூக்கனுக்குக் கடைசிப் பட்டை கீழ ரெண்டா பிரிஞ்சிருக்கும்." ரபீக் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். "அது எங்கன இருக்கு? உயிரோட இருக்கா?"

இசக்கிமணி தலையைக் குனிந்துகொண்டான். "இருக்கு."

ரபீக் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். இசக்கிமணியின் மீனை வாளியில் பிடித்தான். அனிமோன் முளைத்த ஒரு பாறையையும் எடுத்து அதே தண்ணீரில் போட்டான். இருவரும் காரில் இலஞ்சிக்குப் போனார்கள்.

ரபீக் தொட்டிமுன் உட்கார்ந்து கண்ணாடியில் விரலை வைத்தான். பம்புக்குப் பின்னாலிருந்து மூக்கன் மெல்ல வெளியே வந்தது. இத்தனை நாளும் இசக்கிமணி எவ்வளவோ நின்று பார்த்தும் வராதது, ரபீக்கின் விரலுக்கு நேரே வந்து நின்றது. அந்த நேரத்திலும் இசக்கிமணிக்கு வெட்கத்தைவிட எரிச்சல்தான் மேலே வந்தது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல்பக்கம் போய் நின்றான்.

ரபீக் தன் மீனை எடுத்துக்கொண்டு, பாறையையும் மற்ற மீனையும் தொட்டியில் விட்டான்.

"கல்லத் தேய்க்காதீங்க அண்ணாச்சி. அது கொத்தித் தின்னணும்லா. அந்த மஞ்ச மீன யாருக்காவது குடுத்துருங்க." அனுசியா காபி கொண்டுவந்தாள். "இன்னொரு நாள் குடிக்கேன் மைனி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. இசக்கிமணி இரண்டுமுறை கடைக்குப் போனான். ரபீக் மரியாதையாக உட்காரச் சொல்லிவிட்டு வாடிக்கையாளர்களைக் கவனித்தான். மூக்கன் மட்டும் இசக்கிமணி வீட்டில் தின்னத் தொடங்கியிருந்தது. முதலில் அனிமோன், பிறகு சிப்பி, பிறகு அவன் கையிலிருந்தே. அவன் ஆசைப்பட்டதெல்லாம் அதுதான். அனுசியாவைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு காட்ட யாரும் இல்லை.

சாரல் தொடங்கியதும் அனுசியாவின் தங்கை குடும்பம் வந்தது. எல்லோரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப் போனான். ஒரு பஜ்ஜிக் கடையில் ரபீக் நின்றிருந்தான். கூட இன்னொருவர். ரபீக் போனில் எதையோ காட்ட, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூக்கன் திங்குதா அண்ணாச்சி?"

"திங்குது."

"நல்லது. இவரு உச்சிமாகாளி, பண்பொழியில வாத்தியாரு. புதுசா தொட்டி வைக்காரு. ஞாயித்துக்கிழமை ரெண்டுபேரும் கொச்சிக்குப் போறோம்."

முன்பெல்லாம் கொச்சிக்கு ரபீக்குடன் ரயிலில் போவது இசக்கிமணியாகத்தான் இருந்தது. போகும்போது ஜன்னலோரத்தை ரபீக் அவனுக்கே விட்டுக்கொடுப்பான். இசக்கிமணி வாத்தியாரைப் பார்த்து லேசாகச் சிரித்துவைத்தான். வாத்தியார் ரபீக்கின் தோளில் உரிமையாகக் கைபோட்டிருந்தார்.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் அனுசியா, காரில் ஏறியதும்.

"ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்து ஒரு சிப்பியைப் பிளந்து நீட்டினான். மூக்கன் வந்து பிய்த்துத் தின்றது. அவன் அதைப் பார்க்கவில்லை. அந்தக் கொச்சிக் கடையில் ரபீக் வாத்தியாருக்கு எந்த மீனைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.