முதலாம் தியேட்டர்

வெள்ளவத்தையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எனக்கு வேலை. வீட்டுக்குப் போன நோயாளியளின்ர ஃபைலை வாசிச்சு, ஒவ்வொரு வருத்தத்துக்கும் கோட் நம்பர் போடவேணும். இதில ஒரு விசர்ச் சட்டம் இருக்கு. ஒப்பரேஷன் காயத்தில சீழ் கட்டினது எனக்கு விளங்கினாலும், ஒப்பரேஷனால வந்த கிருமித்தொற்று எண்டு டொக்டர் தன்ர கையால எழுதாட்டி, அந்தக் கோட்டை நான் போடேலாது. கோட் விழாட்டி கணக்கில வராது. கணக்கில வராட்டி ஒப்பரேஷன் தியேட்டரைப் பூட்டி ஒருத்தரும் சோதிக்கமாட்டினம்.

முகத்துவாரத்து மயிலம்மாவின்ர ஃபைலைத் திறந்தன். கர்ப்பப்பை எடுத்த காயத்தில சீழ். திரும்பத் திறந்து கழுவியும் இருக்கினம். கடைசிப் பக்கத்தில டொக்டர் உமாசுதன் எழுதியிருந்ததோ வெறும் காய்ச்சல். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிற வேலை. முதலாம் தியேட்டரில இருந்து இப்படி வந்த மூன்றாவது ஃபைல் இது. வெள்ளிக்கிழமை அதே தியேட்டரில, அதே டொக்டரிட்ட, என்ர அக்கா யதுஷாவுக்குச் சிசேரியன்.

வீட்டில சொல்லிப் பார்த்தன். அம்மாவுக்கு அவர் எங்கட ஊர்ப் பிள்ளை, கைராசிக்காரன். அவரோட கொழுவினால் பிறகு அக்காவை வடிவாப் பார்க்கமாட்டார் எண்டு என்னைத்தான் பேசினா. விடியக் கொட்டாஞ்சேனையில பஸ் ஏறி, யோசிச்சு யோசிச்சு வெள்ளவத்தையில இறங்க மறந்து தெகிவளைக்குப் போயிட்டன்.

திரும்பி வந்த கையோட ஃபைலைத் தூக்கிக்கொண்டு டொக்டரின்ர அறைக்குள்ள போய், சீழை ஏன் எழுதேல்லை எண்டு கேட்டன். காயம் எண்டால் கொஞ்சம் ஊறத்தான் செய்யும் எண்டார். நீர் டொக்டரோ எண்டும் கேட்டார். இல்லை, அதாலதான் உங்களிட்டக் கேக்க வந்தனான் எண்டன். அக்காவின்ர பேரையும் வெள்ளிக்கிழமையையும் சொன்னன். அவர் கண்ணாடியைக் கழட்டினார்.

"அக்காவை ரெண்டாம் தியேட்டரில செய்யிறன். இதை விடும்."

அப்ப மனுசனுக்கு எல்லாம் தெரியும். பொய் சொல்லேலாது, எனக்கு முதல் வந்தது ஆறுதல்தான். அக்கா தப்பிட்டாள். பிறகுதான் என்னிலயே எனக்கு அருவருப்பு வந்தது. வெள்ளிக்கிழமை அந்த மேசை வெறுமையா இருக்கப்போறேல்லை. ஆரோ ஒருத்தி, தன்ர டொக்டரை நம்பி ஏறிப் படுப்பாள்.

"அப்ப முதலாம் தியேட்டரில ஆரைப் போடப்போறீங்கள், டொக்டர்?"

நான் ஃபைலை அவருக்கு முன்னால விரிச்சு வைச்சுப்போட்டு, கதிரையை இழுத்து இருந்தன். நேர்ஸ் டில்ஷானி எட்டிப் பார்த்து, வெளியில ஆக்கள் கனநேரமாக் காத்துக்கொண்டு இருக்கினம் எண்டு சிங்களத்தில சொன்னா. அவர் அவவைப் பார்க்காமல் பேனையை எடுத்து, கடைசிப் பக்கத்தில காய்ச்சல் எண்டதை வெட்டினார். எழுதி முடிக்குமட்டும் நான் எழும்பேல்லை.