பச்சை மோட்டார்

மோட்டார் வாங்கப்போகும் செய்தியை லக்ஷ்மிநாராயணன் சாப்பிட உட்கார்ந்தபடியே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி ராஜலக்ஷ்மி சாதக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பெண் குழந்தைகள் இரண்டும் எச்சில் கையோடு எழுந்து குதித்தன.

அது 1913-ஆம் வருஷம். தலைநகரம் டில்லிக்குப் போய்விட்டதால் துரைமார் பலர் கல்கத்தாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். நாற்காலி, பியானோ, குதிரை, மோட்டார் எல்லாம் பாதி விலைக்குக் கிடைத்தன. ஆனாலும் பவானிபூரில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் ஒருவரும் இன்னும் மோட்டார் வாங்கவில்லை.

"சொந்தக்காரத் துரை மாத்தலாகிப் போயிட்டாராம். தரகர் ஹரிபாபு ஞாயித்துக்கிழமை ஓட்டிக் காட்டறேன்னிருக்கார். நாளைக்குச் சாயங்காலம் வண்டியைப் பாக்கப் போறேன். நீயும் வாயேன், மஹாதேவா" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

மஹாதேவன் ராஜலக்ஷ்மியின் தம்பி. இருபத்துநாலு வயது. மூன்று வருஷமாக அக்கா வீட்டில்தான் இருந்தான். கிளைவ் தெருவில் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ஸியில் நஷ்டஈட்டுப் பிரிவு குமாஸ்தா. அத்திம்பேர் சிபாரிசில் கிடைத்த வேலை.

மறுநாள் எண்டாலியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அந்த வண்டி நின்றது. பித்தளை விளக்குகள் பளபளத்தன. தோல் இருக்கையில் புது வாசனை. லக்ஷ்மிநாராயணன் சுற்றிச் சுற்றி வந்தார். மஹாதேவன் கதவைத் திறந்தான். கீலுக்கு உள்பக்கம், பச்சை வர்ணம் எட்டாத இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. அவனுக்குச் சுரீர் என்றது. முன்னால் போய் எஞ்சின் மூடியைத் தூக்கச் சொல்லி, நம்பர் பொறித்த தகட்டைப் பார்த்தான். 2217. அந்த நம்பரை அவன் தன் கையாலேயே மூன்று காகிதங்களில் எழுதியிருக்கிறான்.

ஆறு மாதத்துக்கு முன், சிவப்பாக இருந்தபோது, டாக்குரியா பக்கம் இந்த வண்டி சாலையை விட்டு இறங்கி, ஒரு மரத்தில் மோதிக் குளத்துக்குள் பாய்ந்தது. ஓட்டியவருக்கு ஒரு கால் போயிற்று. அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டுவிட்டது, நிமிர்த்தினாலும் இனி நம்புவதற்கில்லை, முழு நஷ்டம் என்று சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் எழுதினார். கம்பெனி முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, உடைந்த வண்டியைப் பழைய இரும்பு வியாபாரிக்குத் தள்ளிவிட்டது. துரையும் இல்லை, மாற்றலும் இல்லை.

"என்னடா, பேச்சையே காணோம்?" என்றார் அத்திம்பேர்.

"நன்னாயிருக்கு" என்றான் மஹாதேவன்.

ஆபீஸ் காகிதத்தில் உள்ள ஒரு சொல்லும் வெளியே போகக்கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே எழுதி வாங்கியிருந்தார்கள். போன வருஷம்தான் ஒரு வங்காளிக் குமாஸ்தா யாரிடமோ எதையோ சொன்னான் என்று மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்திம்பேரிடம் ரகசியமாகச் சொல்லலாம் என்றால், அவர் உள்ளே வைத்துக்கொள்ளுகிற ஆள் அல்ல. ஹரிபாபுவின் சட்டையைப் பிடித்து, என் மைத்துனன் அந்த ஆபீஸில்தான் இருக்கிறான் என்று தெருவே கேட்கச் சொல்லிவிடுவார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரே கடிதத்தை இரண்டு தடவை நகல் எடுத்தான். டிராமில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தான். வீட்டிலோ அக்கா, மோட்டாரில் காளிகாட்டுக்குப் போவதா, தட்சிணேசுவரத்துக்குப் போவதா என்று குழந்தைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கல்கத்தாவுக்கு வந்து பத்து வருஷத்தில் அவள் வீட்டை விட்டு வெளியே போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும், மோட்டார் ரிப்பேர் செய்யும் ரஹீம் மிஸ்திரியைத் தேடிப் போனான். ஒரு சிநேகிதன் வண்டி வாங்கப் போகிறான், அடிச்சட்டம் கோணலா இல்லையா என்று வெளியிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டான்.

மிஸ்திரி சிரித்தார். "ஈர ரோட்டில ஓட்டிட்டுக் காஞ்ச ரோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க, பாபு. சரியான வண்டின்னா முன்சக்கரம் போன கோட்டிலேயே பின்சக்கரமும் போகும். ரெண்டே கோடு விழும். கோணலா இருந்தா நாலு விழும்."

"கோணல் வண்டி எத்தனை நாள் ஓடும்?"

"பத்து வருஷம் ஓடினாலும் ஓடும். நாளைக்கே ஒரு வளைவில படுத்தாலும் படுக்கும். அல்லாவுக்குத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எல்லோரும் மைதானத்துக்குப் போனார்கள். சாலைக்குத் தண்ணீர் அடிக்கிற வேளையாகப் பார்த்து அவர்களைக் கிளப்பியது மஹாதேவன்தான். வெயில் ஏறினால் குழந்தைகளுக்கு ஆகாது என்று ஒரு காரணமும் சொன்னான். குழாய்க்காரர்கள் சாலையின் பாதி தூரத்தை நனைத்துவிட்டு நகர்ந்திருந்தார்கள். வண்டி வந்து நின்றதும் குழந்தைகள் ஏறப் பாய்ந்தன.

"முதல் சுத்து அத்திம்பேர் மட்டும் போயிட்டு வரட்டும்" என்று இரண்டு பேரையும் இழுத்து நிறுத்தினான்.

லக்ஷ்மிநாராயணன் அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு, ஹரிபாபுவின் டிரைவர் பக்கத்தில் கம்பீரமாக உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டது. சாலைக் கோடியில் இருந்த வளைவில் அது திரும்பும்போது மஹாதேவன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது வண்டி ஈரத்தில் சளசளவென்று ஏறி, உலர்ந்த சாலைக்கு வந்து, அவர்களைத் தாண்டிப் போய் நின்றது.

அவன் வாயைத் திறப்பதற்குள் ராஜலக்ஷ்மி முந்திக்கொண்டாள்.

"இதென்ன, நாலு சக்கரத்துக்கு நாலு கோடு போடறதே? போன வாரம் எதிராத்து வங்காளி டாக்டர் மோட்டார் மழைச் சேத்துல போச்சு, ரெண்டுதானே இருந்தது?"

லக்ஷ்மிநாராயணன் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே விரலை வைத்து அளந்தார். இரண்டு விரற்கடை. புது டயர், பழகினால் சரியாகிவிடும் என்றார் ஹரிபாபு. அத்திம்பேர் கையைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். திரும்பும்போது வாடகைக் குதிரை வண்டியில் சின்னவள் அழுதுகொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ராஜலக்ஷ்மி கேட்டாள்: "உனக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

மஹாதேவன் கொடியிலிருந்த வேஷ்டியை எடுத்து மடித்தான்.

"தண்ணி அடிக்கற நேரம் பாத்து அழைச்சிண்டு போனே. குழந்தைகளை ஏறவிடலை. அவரை மட்டும் ஏத்திவிட்டியே, மஹாதேவா?"

"ஒரு சுத்துதானே அக்கா... ஆபீஸ் விஷயம், வெளியில சொல்லக்கூடாது..."

"நான் வெளியா?"

அதன்பிறகு அவள் அவனுக்குச் சாதம் போட்டாள், காபி வைத்தாள், பேசவில்லை. அத்திம்பேருக்கு விஷயம் தெரியாது. மோட்டார் போன ஏமாற்றத்தில் அவரும் சுருக்கமாகவே பேசினார். மஹாதேவன் காலையில் சீக்கிரமே கிளம்பி, இருட்டினபிறகு திரும்பினான்.

மூன்றாவது வாரம், புதிதாக இன்ஷூர் செய்யக் கேட்டு வந்த ஒரு விண்ணப்பம் அவன் மேஜைக்கு வந்தது. எஞ்சின் நம்பர் 2217. சொந்தக்காரர் நிபாரண் சந்திர தாஸ், கார்டன் ரீச்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மானேஜர் அறைக்கு ஓடினான். அவர் பழைய ஃபைலைப் பார்த்துவிட்டு, "முடியாது என்று எழுதிவிடு" என்றார்.

"காரணம், ஸார்?"

"காரணம் சொல்வது நம் வழக்கமில்லை."

எழுதினான். கடிதம் தபாலில் போயிற்று. அந்த மனுஷர் அதைப் படித்துவிட்டு, வேறு கம்பெனிக்கு எழுதிவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படுவார். அவன் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, மறுநாள் தலைவலி என்று ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பினான். நேரே கிதிர்பூர் டிராமைப் பிடித்து, அங்கிருந்து கார்டன் ரீச்சுக்கு நடந்தான்.

நிபாரண்பாபு வாசலிலேயே இருந்தார். மஹாதேவன் தன் பெயர், ஆபீஸ், குளம், மரம், சர்வேயர் எழுதியது எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டிவிட்டான். அரைகுறை வங்க மொழியில்தான் சொன்னான்.

அவர் அவனை உட்காரவைத்து ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். பிறகு கொல்லைப் பக்கம் அழைத்துப் போனார். பச்சை மோட்டார் அங்கே நின்றது. பின்பாதியை அறுத்து எடுத்துவிட்டு மரப்பெட்டி கட்டியிருந்தார்கள். பெட்டி நிறைய சோடா பாட்டில்கள்.

"கோணல் என்று தெரிந்துதான் வாங்கினேன், பாபு. ஹரிபாபு சொல்லவில்லை, என் கண் சொல்லிற்று. இது கப்பல் துறைக்கும் இங்கேயுமாக மாட்டு வண்டி வேகத்தில்தான் போகும். மனிதரை ஏற்றமாட்டேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "இதைச் சொல்ல அவ்வளவு தூரத்திலிருந்தா வந்தீர்கள்? உங்கள் வேலைக்கு ஆபத்தில்லையே?" என்று கேட்டார்.

முன்பின் தெரியாத ஒருவரின் சோடா பாட்டில்களுக்காகச் சொன்னதை, மஹாதேவன் தன் அக்காவுக்குக்கூட அன்று சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். ராஜலக்ஷ்மி அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எனக்குச் சொன்னது போறும். அவர் உள்ளே இருக்கார். போய்ச் சொல்லு" என்றாள்.

லக்ஷ்மிநாராயணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். மைதானத்து வளைவில் தான் கண்ணை மூடிக்கொண்டதையும் மஹாதேவன் சொன்னான்.

"நாளைக்கு அந்த நிபாரண் யார்கிட்டயாவது உளறினா?"

"வேலை போயிடும், அத்திம்பேர்."

"போகட்டும்" என்றார் அவர். பிறகு, "ஆனா இனிமே என்னை எதுலயாவது ஏத்திவிடறதா இருந்தா, முன்னாடி சொல்லிட்டு ஏத்து" என்றார். அதில் சிரிப்பு இருந்ததா என்று மஹாதேவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் அந்த வருஷம் முடியும்வரை, மானேஜர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் அவன், இதுதான் கடைசி என்று நினைத்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் எழுந்து போனான்.