ஷூட்டர்ஸ் ஹில்லில் கால் குத்தாமல்

ரயில் ஓடாது என்று வானொலியில் சொன்னபோது அஞ்சலீனா ஒரு கையை மட்டும் ஜக்கெற்றுக்குள் விட்டபடி நின்றாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்குக் காலை ஷிப்ட். ஜன்னலைத் திறந்து பார்த்தாள். லண்டனின் லூயிஷாம் பகுதியையே காணவில்லை. காரெல்லாம் வெள்ளை மேடுகளாகக் கிடந்தன. தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம் அது. இப்படியொரு பனியை அவள் கண்டதில்லை.

"மச்சாள், வாங்கோ! சைக்கிளில ஷூட்டர்ஸ் ஹில் குன்று ஏறுவம்!"

மாடிப்படியில் றோஸ்மலர் தொப்பியும் கையுறையுமாக நின்றாள். கணவன் கிறிஸ்துராஜாவின் தங்கச்சி. கல்லூரி இல்லாத நாளெல்லாம் மலைச் சைக்கிளில் காடு மேடு சுற்றிச் சேறு பூசிக்கொண்டு வருகிறவள்.

"இந்த ஸ்னோவுக்கையோ? விசரே உனக்கு?"

"ஸ்னோவுக்கைதான் மச்சாள் விசேஷம். அண்ணையின்ர சைக்கிள் சும்மாதானே நிக்குது."

உண்மைதான். கிறிஸ்துராஜா வேலைக்குப் போக வாங்கி, ஒரு கிழமை ஓடிவிட்டுக் கைவிட்ட சைக்கிள். வீட்டு நடையில் அதில் இடறி அஞ்சலீனாவின் முழங்கால் கறுத்ததுதான் மிச்சம். இரவு ஷிப்ட் முடித்து நடந்தே வந்தவன் இப்போது போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய தடித்த ஜக்கெற்றையே எடுத்துப் போட்டாள். காலுறைக்கு மேல் பிளாஸ்ரிக் பைகளைக் கட்டினாள்.

"கெதியா வா, மனம் மாறமுதல்."

பிளாக்ஹீத் வெளியைக் கடக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில்லுக்குக் கீழே பனி நறநறத்தது. காற்று கன்னத்தில் அறைந்தது. பெரிய தெருவில் ஒரு பஸ்கூட இல்லை. முழு ரோட்டும் இரண்டு பெண்களுக்கு!

குன்றின் பின்பக்கம் புல்வெளிச் சரிவு. அதன் உச்சியில் ஒரு சின்னத் தேநீர்க்கடை. பிள்ளைகள் சறுக்குப் பலகையிலும் சமையலறைத் தட்டிலும் கூக்குரலிட்டபடி வழுக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"கீழயிருந்து உச்சி வரைக்கும். கால் நிலத்தில குத்தக் கூடாது," என்றாள் றோஸ்மலர். "எழும்பி நிண்டு மிதியுங்கோ. அப்பதான் பலம் வரும்."

அவளே முதலில் பாய்ந்தாள். பத்துப் பன்னிரண்டு மிதி. பின்சில்லு ஒரே இடத்தில் சுற்ற, சைக்கிள் ஒரு பக்கம் விழ, அவள் மறுபக்கம் விழுந்தாள்.

அடுத்தது அஞ்சலீனா. எழும்பி நின்று மிதித்தாள். முகம் குப்புற விழுந்தாள். மூக்குக்குள் பனி. மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். கோபம் வந்தது. அந்தக் கோபம் இனிப்பாகவும் இருந்தது.

பனிக்குள் இருந்தபடியே சரிவைப் பார்த்தாள். நடுப்பகுதி சறுக்கிச் சறுக்கிக் கண்ணாடியாகிக் கிடந்தது. மரக்கரையோரம் யாரும் மிதிக்காத பனி. டயரை அமத்திப் பார்த்தாள், கல்லுப்போல இருந்தது. காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

"என்ன செய்யிறியள் மச்சாள்? வீட்டை போக ஏலாது பிறகு!"

"தள்ளிக்கொண்டு போறன். நீ விலத்து."

மரக்கரையோரம் சைக்கிளைத் திருப்பினாள். இந்தமுறை எழும்பவில்லை. ஆசனத்தின் பின்பக்கமாகப் பாரம் முழுவதையும் போட்டுக் குந்தினாள். சின்னக் கியர். மெதுவாக ஒரு மிதி. இன்னொன்று. பின்சில்லு பனியைக் கவ்வியது.

பாதி தூரம். நெஞ்சு திறந்த அடுப்பாய் எரிந்தது. நாயோடு நின்ற ஒரு கிழவர் கைத்தடியை உயர்த்தி, "கமோன், லவ்! கமோன்!" என்று கத்தினார். தட்டோடு நின்ற பிள்ளைகளும் கத்தத் தொடங்கினார்கள். முன்சில்லு தள்ளாடியது. இடது கால் நிலத்தைத் தேடியது. "இல்லை!" என்று அவள் உரத்துச் சொன்னாள். காலுக்குத்தான் சொன்னாள். கால் கேட்டது.

கடைசி மேடு. பல்லைக் கடித்தாள். திடீரென்று பெடல் இலேசாகியது. தேநீர்க்கடைச் சுவர் கண்முன்னால் நின்றது.

"ஏறிப்போட்டன்! றோஸ், நான் ஏறிப்போட்டன்!"

கீழே வெள்ளைக் கூரைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தன. அவள் மூச்சு வாங்கியபடி கையசைத்தாள். "காத்தைக் குறை! குந்தியிருந்து மிதி!"

றோஸ்மலர் இரண்டுமுறை விழுந்து மூன்றாம்முறை வந்து சேர்ந்தாள். இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

இறங்கவும் வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அஞ்சலீனா பிறேக்கைப் பிடித்தாள். பனி படிந்த பிறேக் பிடிக்கவேயில்லை. "விலத்துங்கோ! விலத்துங்கோ!" தமிழ் தெரியாத பிள்ளைகளெல்லாம் விலத்தினார்கள். சரிவு முழுவதும் ஒரே அலறல், அதில் பாதி சிரிப்பு. அடிவாரத்து முட்பற்றைக்குள் போய்த்தான் நின்றாள். றோஸ்மலர் இழுத்து எடுத்தபோது ஜக்கெற்றின் ஒரு கை கிழிந்திருந்தது.

பிறகு சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மேலேறிக் கடைக்குள் சூடாகச் சூப் குடித்தார்கள். ஈரக் காலுறைகள் ஹீற்றரில் ஆவி பறக்கக் காய்ந்தன. கிழவரும் நாயோடு வந்து பக்கத்து மேசையில் அமர்ந்தார்.

"இதைவிடப் பெரிய மலை எங்கே இருக்கிறது?" என்று அஞ்சலீனா அவரை ஆங்கிலத்தில் கேட்டாள்.

"லண்டனில் கஷ்டம். வேல்ஸுக்குப் போக வேண்டும்."

றோஸ்மலர் சூப் கோப்பையை மேசையில் வைத்தாள். "மச்சாள், வேண்டாம்."

"சும்மா இரு," என்ற அஞ்சலீனா, கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "குளிர்காலத்தில் அங்கே பனி இருக்குமா?" என்று கேட்டாள்.