மூன்றாவது கட்டு

வர்க்கிச்சேட்டன் நன்றாகத் தூங்குகிறார் என்று மூன்று நாளாக வார்டு ஏட்டில் எழுதியிருந்தார்கள். கண் மூடியிருப்பதைப் பார்த்து எழுதிய எழுத்து அது. நெஞ்சு அறுவை வார்டில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். என்னிடம் அந்த நடிப்பு செல்லாது.

இருமும்போது வலிக்காமல் இருக்க ஒரு தலையணை கொடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்வோம். தூங்குகிறவர் கை தானாகத் தளர்ந்துவிடும். இவரோ கண்ணை மூடிக்கொண்டு, விரல் வெளுக்கிற அளவுக்கு அதை இறுக்கிப் பிடித்திருந்தார்.

காலையில்தான் டாக்டர் ஜயசங்கர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "தூங்குறார், ஆனா நாலடி நடக்க முடியல. சாயந்திரம் வரைக்கும் பாக்கலாம். இல்லேன்னா திரும்ப ஐசியூதான்." அதிலிருந்து வர்க்கிச்சேட்டன் மனைவி ஏலிக்குட்டி ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை.

மத்தியானம் ஏலிக்குட்டி கஞ்சிப் பாத்திரம் கழுவப் போன நேரம் பார்த்துக் கட்டிலருகே போனேன்.

"சேட்டா, நடிச்சது போதும். ஏன் தூங்கல?"

ஒரு கண் மட்டும் திறந்தது. "அவகிட்ட சொல்லாதீங்க சிஸ்டரே. நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால கட்டியிருக்காங்களாம். தூக்கத்துல புரண்டு, கட்டு அவுந்துபோச்சுன்னா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "முப்பது வருஷமா லாரியில மரத்தடி ஏத்தி, குட்டிக்கானம் மலை வளைவு இறங்குற ஆளு நீங்க. அங்க லோடு கட்டின கம்பியை நம்புவீங்க, இங்க நம்பமாட்டீங்களா?"

"கம்பியை யாரு சந்தேகப்பட்டா? கட்டைத்தான் சொல்றேன். வேற ஒருத்தன் கட்டின லோடை என் கண்ணால பாக்காம நான் ஒரு அடி நகர்த்தினதில்ல."

நியாயமான பேச்சு. இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எக்ஸ்ரே படத்தை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நெஞ்சின் நடுவே வெள்ளை வெள்ளையாக ஆறு வளையங்கள், முனைகள் முறுக்கிவிட்டபடி.

"கிட்ட கொண்டாங்க." விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். மூன்றாவதில் விரல் நின்றது. எனக்கே பயமாகிவிட்டது.

"இது கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"அதனால?"

நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "முறுக்கு நல்லா விழுந்திருக்கு" என்றார்.

புரளாமல் இருக்க இரண்டு பக்கமும் போர்வையைச் சுருட்டி வைத்தேன். வைத்து முடிப்பதற்குள் குறட்டை கிளம்பிவிட்டது.

மூன்று மணிக்கு டாக்டர் வந்து, எழுப்பக் கையை நீட்டினார். குறுக்கே நின்றுகொண்டேன்.

"தொடாதீங்க டாக்டரே. ஆபரேஷனுக்கு அப்புறம் இப்பத்தான் தூங்குறார்."

"ஏட்டுல அப்படி இல்லையே?"

"ஏடு கிடக்கட்டும். கீழ பாருங்க."

தலையணை தரையில் கிடந்தது. டாக்டர் குனிந்து எடுத்துக் கால்மாட்டில் வைத்தார். "என்ன மாத்திரை கொடுத்தீங்க?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"மாத்திரையெல்லாம் இல்ல. நீங்க போட்ட கட்டைப் பாத்தார்."

பெரிய டாக்டர் முகத்தில் பரீட்சை எழுதிய பையனின் கலக்கம். "என்ன சொன்னார்?"

"மூணாவது கொஞ்சம் சாஞ்சிருக்காம். பரவாயில்ல, வண்டியை எடுத்துட்டார்."