படுக்கையறைக்கு ஒன்று

ஸ்டூலில் ஏறி, படுக்கையறைக் கூரையில் இருந்த புகை அலாரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த ரொட்டிக் கவரை அவள் அவிழ்த்தாள். இரண்டு ரப்பர் பேண்டுகள். கவரின் வெளிப்புறம் கரி படிந்திருந்தது. உள்ளே அலாரம் வெள்ளையாகவே இருந்தது. கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

நேற்று மதியம் அப்பா சிகரெட்டோடு கண்ணயர்ந்திருக்கிறார். மெத்தையில் எரிந்தது ஒரு தட்டளவுதான். மூடிய அறைக்கு அந்தப் புகையே போதுமானதாக இருந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

வீடுகளுக்கு அலாரம் பொருத்துவதுதான் அவள் தொழில். படுக்கையறைக்கு ஒன்று, வெளியே நடையில் ஒன்று, மாடிக்கு ஒன்று என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் அவளுக்கு 'ரூல்ஸ்' என்று பெயர். அப்பாவுக்கு 'புகைவண்டி'.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் அம்மா. தீயணைப்பு அதிகாரி அறையைப் பார்த்துவிட்டுப் படிவத்தோடு வந்து நின்றார்.

"அலாரம் இருக்கே, ஏன் அடிக்கலை? யார் மாட்டினது?"

"நான்தான் சார். பேட்டரி மாத்த மறந்துட்டேன்."

"லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க நீங்க. இதை எழுதினா லைசென்ஸ் போயிடும்மா."

"எழுதுங்க சார்." குரல் பிசகவில்லை.

"எழுதாதீங்க" என்றாள் அம்மா. "போன மாசம்தான் மாத்தினா. என்னைச் சமைக்க விடாம ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்தா. தேதி குறிச்சுத் தும்முறவ சார் இவ. மறப்பாளா?"

"அம்மா, சும்மா இரு."

"நீ சும்மா இருடி. அந்தக் கவரை எடு."

"எந்தக் கவர்?"

அம்மா அவள் சட்டைப்பையைப் பார்த்தாள். "நான்தான் சார் கட்டினேன். அது அடிச்சா இவ ஓடி வந்து அவரைப் பிடிபிடின்னு பிடிச்சிடுவா. வயசான மனுஷன், ஒண்ணே ஒண்ணு நிம்மதியா குடிச்சுட்டுப் போகட்டுமேன்னு..."

அவள் கவரை எடுத்து நீட்டினாள். அதிகாரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு எழுதினார்.

"என் பொண்ணு வேலையில தப்பில்லைன்னு எழுதிட்டீங்களா? படிங்க."

படித்தார்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் படித்தார். பிறகு அப்பாவின் காலடியில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார்.

அவள் வாசற்கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே கை வைத்தபடி நின்றாள். பின்னால் பெஞ்சு லேசாகக் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தாள். அம்மா சற்று நகர்ந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு.