பத்துக்குப் பத்து

விளாங்குடியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் தவசியின் பெயரை, அவர் பெண்டாட்டி மலையம்மாள் பதினெட்டு வருஷத்தில் ஒருதரம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட, "காவி கட்டிக் காட்டுல உக்காந்திருப்பாகளே, அந்தப் பேருதான்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். சாமியாரா, சன்னியாசியா என்று கடைக்காரர் வேண்டுமென்றே இழுப்பார். வரிசையே சிரிக்கும். இதெல்லாம் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாதது எது?

அவளுக்கு இழுப்பு, கைகால் வெட்டுகிற வலிப்பு, வந்தது. முதலில் மாசத்துக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு மூன்று. அடுப்படியில் விழுந்து கை வெந்தபோது தவசி டவுனிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூளையில் கடலை அளவு இடத்திலிருந்துதான் இழுப்பு கிளம்புகிறது, வெட்டியெடுத்தால் நிற்கும் என்றார் டாக்டர் பத்ரி. அதற்கு முன்னால் அந்த இடம் என்ன வேலை பார்க்கிறது என்று தெரியவேண்டுமாம். தவசியை வெளியே உட்காரவைத்துவிட்டு, வீட்டாரின் படங்கள் பத்தைக் காட்டிப் பேர் கேட்டார்கள். மகள் பவதாரிணியில் ஆரம்பித்து ஏழு பேரைச் சொன்னவள், மாமனார், மாமியார், புருஷன் படங்களுக்கு வாயே திறக்கவில்லை. பத்துக்கு ஏழு. பேர் சொல்லும் வேலையை அந்த இடம் ஏற்கெனவே கைவிட்டுவிட்டது, எடுத்தால் நஷ்டமில்லை என்று ரிப்போர்ட் எழுதினார்கள்.

கையெழுத்துப் போடுமுன் தவசி அதைப் படித்தார். "சார், அவளுக்குத் தெரியாம இல்ல. சொல்லமாட்டா."

பத்ரியும் மதுரைக்காரர்தான், புரிந்து சிரித்தார். ஆனாலும் ஸ்கேனிலும் அந்த இடம் மந்தமாகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"எங்க தெருவுல குழாய மூடுனா சண்டை நின்னுபோகும் சார். அதுக்காகச் சண்டை குழாய்க்குள்ள இருந்துச்சுன்னு சொல்லலாமா?"

நல்ல கேள்வி என்றார் பத்ரி. அதற்குப் பதில் சொல்கிற மெஷின் இன்னும் வரவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. அடுத்த இழுப்பில் ஆளே போய்விடலாம் என்றும் சொன்னார். தவசி கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு இழுப்பு நின்றது. அதில் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், வாசலில் நாலு பொம்பளைகள் நிற்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது. "தவசி, சோறு ஆறுது."

பொம்பளைகள் குலுங்கிச் சிரித்தார்கள். டவுனுக்குப் போய்வந்து பட்டணத்துக்காரி ஆகிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுச் சோணை பெண்டாட்டி கேலி பண்ணினாள். தவசிதான் கழுவிய காலோடு வாசலிலேயே நின்றார். மறுநாளும் அதே குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

செக்கப்பில் மறுபடி அதே பத்துப் படங்கள். இந்தத் தடவை தவசியையும் உள்ளே விட்டார்கள். மாமனார் நல்லகாமன், மாமியார் ஜெயக்கொடி என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிப் படத்துக்கு, "தவசி. மிக்ஸி ரிப்பேர் பாக்குற ஆளு" என்றாள். கை முந்தானைக்குப் போகவில்லை. ரேஷன் கார்டைப் பார்த்துப் படிக்கிற குரல்.

பத்துக்குப் பத்து என்று எழுதிவிட்டு, பத்ரி பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் தவசி அவளுக்குப் பக்கத்தில் உட்காரப் போனார். அவள் சேலையை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள்.

"தவசி, இது லேடீஸ் சீட்டு. அங்கிட்டுப் போய் உக்காரு."