அண்ணன் எழுதிய மன்னிப்புக் கடிதம்

என் அண்ணன் தெத்சுரோவைப் போலீஸ் அழைத்துப்போனது ஜூன் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஒசாகா ரயிலைப் பிடிக்க நிலையப் படிக்கட்டில் ஓடியவன், மினோவா என்ற முதியவர்மீது மோதிவிட்டான். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கைப்பையும் காணாமல் போனது. தள்ளிவிட்டுப் பையைப் பறித்தான் என்பது வழக்கு. நிரூபணமானால் ஆறு வருடத்துக்குக் குறையாமல் சிறை.

தேதிகள் சரியானவை. மற்றவற்றில் எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

பத்தாம் தேதி, மீன் பதப்படுத்தும் ஆலையில் அரைநாள் விடுப்பு எடுத்து அண்ணனைப் பார்க்கப் போனேன். இருபது நிமிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன். பக்கத்தில் குறிப்பேட்டுடன் ஒரு காவலர்.

"இலவசமாவே வக்கீல் வருவாங்களாமே. ஏன்ணா வேணாம்னுட்ட?"

"தப்பு பண்ணவன்தான் வக்கீலத் தேடுவான். கேளு சிசு, குசாகான்னு விசாரிக்கிற அதிகாரி, நல்ல மனுஷன். நான் சொல்றத அவரே அழகா எழுதி, வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கறாரு. உன் மாலை வகுப்புக் கட்டுரையவிட நல்லாவே இருக்கு."

"உள்ள இருந்தும் வாய் குறையல பாரு."

அண்ணன் சிரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "பெரியவருக்கு ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதச் சொல்றாரு. என்ன எழுதறதுன்னுதான் தெரியல."

சிறுவயதில் நாங்கள் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தால், அம்மா இனிப்புப் பெட்டியோடு எங்களை இழுத்துப்போய்த் தலைகுனிய வைப்பாள். மன்னிப்புக் கேட்கும்போது காரணம் சொன்னால் அங்கேயே அடி விழும். ஆகவே சொன்னேன்: "ரயிலுக்கு ஓடினேன், கவனிக்கலன்னு சாக்கெல்லாம் எழுதாத. எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு முழுசா ஒத்துக்க."

காவலர் ஏதோ குறித்துக்கொண்டார்.

பதின்மூன்றாம் தேதி, மாலை வகுப்பு ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "வக்கீல் இல்லாம கடிதமா? அறிவிருக்கா உனக்கு?" என்று அவர் கத்தினார். வழக்கறிஞர் சங்கத்தின் எண்ணையும் அவரே தேடித் தந்தார். மறுநாள் நிஷியுரா என்ற பெண் வழக்கறிஞர் அண்ணனைச் சந்தித்துவிட்டு வெளியே வந்தார்.

"'பை போனதுக்கும் இடுப்பு உடைஞ்சதுக்கும் நானே காரணம்'னு எழுதிக் குடுத்திருக்காரு. பையை எடுத்தீங்களான்னு கேட்டா, தொடக்கூட இல்லங்கறாரு."

"திருப்பி வாங்கிடலாமா? பெரியவருக்குத்தானே எழுதினது?"

"பெரியவர் கைக்கு எங்கம்மா போச்சு? அரசு வழக்கறிஞர் கோப்புல கிடக்கு. வழக்கு கோர்ட்டுக்கு வந்தா எப்படியும் ஒரு வக்கீல் போட்டுத்தான் ஆகணும். ஆனா அவர் வர்றதுக்குள்ள எழுதவேண்டியதெல்லாம் எழுதி முடிஞ்சிருக்கும். இனிமே எதுவும் பேசாதீங்கன்னேன். கேட்டதுக்குப் பதில் சொல்லாட்டி மரியாதையா இருக்காதேங்கறாரு உங்கண்ணன்!"

இருபத்தாறாம் தேதி அண்ணன்மேல் நீதிமன்றத்தில் முறைப்படி குற்றம் சாட்டப்பட்டது. கடிதம் எப்படி உண்டானது என்று நான் சாட்சி சொல்லவேண்டும் என்றார் நிஷியுரா. தன் அலுவலகத்திலேயே ஒத்திகை பார்த்தார். எதிர்த்தரப்பு எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்டார்.

"முழுசா ஒத்துக்கன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி, பையை எடுத்தியான்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?"

வேறு பதில் தேடினேன்.

"ஆமான்னு சொல்லிடுவானோன்னு பயமா இருந்துச்சு."

நிஷியுரா பேனாவை மூடி வைத்தார்.

"இதைச் சொன்னா அண்ணனுக்குக் கெடுதலா, மேடம்?"

"கெடுதல்தான்."

"சொல்லாம விட்டுடலாமா?"

"கேட்டா சொல்லித்தான் ஆகணும். அவங்க கேக்காம இருக்கணும், அவ்வளவுதான்." தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க. முதல்லேர்ந்து மறுபடி பாப்போம். உங்க பேர் என்ன?"

பெயரைச் சொன்னேன்.